யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட முடிவுகளை வாசிப்பது எப்படி? ஆசனக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்

பொதுத்தேர்தல் முடிவு வந்ததும் எல்லோரும் தேடுவது "யாருக்கு எத்தனை ஆசனம்" என்ற ஒரே வரியைத்தான். யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால், சனம் எப்படி வாக்களித்தது என்பது பாதிகூட விளங்காது. ஒரு தாளும் கல்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கு கடினமில்லை.

முதலில் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் என்றால் யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய இரண்டு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்தது. ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று 11 தொகுதிகள் இன்னும் பெயரளவில் இருக்கின்றன, ஆனால் 1977இல் இருந்ததுபோல் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இப்போது கிடையாது. 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது, 1989 பொதுத்தேர்தலில்தான் அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே நல்லூரில் முன்னிலை யார், கோப்பாயில் யார் என்பதெல்லாம் ஆதரவு எங்கே இருக்கிறது என்று பார்க்க உதவும், ஆசனம் தராது.

அடுத்து, எந்த ஆண்டை எடுத்தாலும் அந்த ஆண்டு மொத்தம் எத்தனை ஆசனம் என்று பாருங்கள். 1989இல் 11, 1994இல் 10, 2000 முதல் 2010 வரை 9, 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6. வாக்காளர் இடாப்பைப் பார்த்துத்தான் மாவட்டங்களுக்கு ஆசனம் பகிரப்படுகிறது. போரும் இடப்பெயர்வும் வெளிநாடு போனதும் இந்த மாவட்டத்தை எவ்வளவு வெறுமையாக்கின என்பதற்கு இந்த வரிசையைவிட வேறு சான்று தேவையில்லை. இதைப் பார்க்காமல் "2015இல் 5 எடுத்த கட்சி 2024இல் 1 எடுத்தது" என்று எழுதுவது அரைகுறை ஒப்பீடு.

சரி, இப்போது 2024 கணக்குக்கு வருவோம். செல்லுபடியான வாக்குகள் 325,312. இதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 வீதம், எடுக்காத கட்சிகளை முதலில் வெட்டிவிட வேண்டும். (ஆரம்பத்தில் இந்த வெட்டுப்புள்ளி எட்டில் ஒரு பங்காக இருந்தது, 1988இல் 15ஆவது திருத்தம்தான் குறைத்தது. சிறிய கட்சிகளுக்கு அது பெரிய விடயம்.) அப்படி வெட்டினால் 15,276 வாக்கு எடுத்த ஐக்கிய மக்கள் சக்தி வெளியே போகிறது, 17,730 எடுத்த ஈபிடிபி (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) தப்புகிறது. மிஞ்சுவது ஆறு அணிகள்: தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, சைக்கிள் சின்னத்தில் கேட்ட அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986, 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855, சங்குச் சின்னத்தில் கேட்ட ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, அப்புறம் அந்த ஈபிடிபி. கூட்டினால் 240,241.

முதலிடம் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுங்கள். மீதி 5 ஆசனம். 240,241ஐ 5ஆல் வகுத்து, அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றினால் 48,049. இதுதான் ஓர் ஆசனத்துக்குரிய வாக்குத் தொகை. தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, மிச்சம் 32,781. தமிழரசுக்கு ஒன்று, மிச்சம் 15,278. மற்றவர்கள் யாரும் அந்தத் தொகையைத் தொடவில்லை. இன்னும் 3 ஆசனம் இருக்கிறது, மிச்சவாக்கு அதிகமுள்ளவர்களுக்கு வரிசையாகக் கொடுங்கள்: தேசிய மக்கள் சக்தி, சைக்கிள், சுயேச்சைக் குழு. முடிவு 3, 1, 1, 1. வெறும் 5,342 வாக்கு வித்தியாசத்தில் சங்கு கைவிட்டுப் போனது.

இதே கணக்கைப் போனஸ் இல்லாமல் ஒருமுறை போடுங்கள், இதை நான் கட்டாயம் செய்யச் சொல்வேன். 6ஆல் வகுத்தால் 40,041. தேசிய மக்கள் சக்திக்கு நேரடியாக 2, மிச்சம் வெறும் 748. தமிழரசுக்கு 1, மிச்சம் 23,286. கடைசி ஆசனத்தில் சங்கின் 22,513ஐ அது முந்திவிடும். அதாவது முடிவு 2, 2, 1, 1 ஆகியிருக்கும். நாலில் ஒரு பங்கு வாக்கு எடுத்த கட்சிக்கு சரிபாதி ஆசனம் போனதற்குப் போனஸ்தான் காரணம், இது நியாயமில்லை என்பது என் கருத்து. கட்சி பார்த்துச் சொல்லவில்லை: 2020இல் போனஸ் தமிழரசுக்குத்தான் போனது, ஆனால் அந்த முறை அதை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டாலும் அதே 3தான் வருகிறது.

பழைய ஆண்டுகளுக்கும் இதே வழிதான். 2004இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 90 வீதத்துக்கு மேல் எடுத்தும் 9இல் 8தான் கிடைத்தது, காரணம் ஈபிடிபியின் 18,612 கூட்டமைப்பின் மிச்சவாக்கைவிடக் கூட. ஆனால் 1994இல் நிதானமாகப் பாருங்கள். ஈபிடிபி 10,744 வாக்கில் 9 ஆசனமும், முஸ்லிம் காங்கிரஸ் 2,098 வாக்கில் 1 ஆசனமும் எடுத்தன. குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த நேரம், பெரும்பாலானவர்கள் வாக்களிக்கவே இல்லை. அப்படியான ஆண்டின் வீதத்தை இன்னோர் ஆண்டின் வீதத்தோடு பக்கத்தில் வைக்காதீர்கள், வாக்கு எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

கட்சிக் கணக்கு முடிந்த பிறகுதான் விருப்பு வாக்கு. ஒருவர் தான் வாக்களித்த கட்சியின் வேட்பாளர்களில் அதிகபட்சம் 3 பேருக்குப் போடலாம், கட்சி எடுத்த ஆசனங்களுக்கு அதிக விருப்பு வாக்கு பெற்றவர்கள் போவார்கள். 2024இல் தமிழரசின் ஒரே ஆசனம் 32,833 விருப்பு வாக்கோடு சிவஞானம் சிறீதரனுக்குப் போனது, அதே கட்சியின் சுமந்திரன் தோற்றார். அந்த 32,833ஐக் கட்சியின் 63,327க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: தமிழரசின் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் அவரைக் குறித்திருக்கிறார்கள்.