துருப்பிடித்த சைலன்சர் நட்டுகளை ஸ்டட் உடையாமல் கழற்றும் முறை

பழைய அம்பாசிடரைப் புதுப்பிக்க இறங்குபவர்களை முதலில் சோதிப்பவை, எஞ்சினின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் மேனிஃபோல்டும் சைலன்சர் குழாயும் சேரும் இடத்திலுள்ள நட்டுகள்தான். மேனிஃபோல்டில் பதிந்து நிற்கும் ஸ்டட் எனும் மரையிட்ட கம்பிகளில் இவை பூட்டப்பட்டிருக்கும். இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரைகளுக்கு நடுவே இருந்த நூலிழை இடைவெளியும் இறுகிவிடுகிறது. ஆகவே நட்டைத் திருப்புமுன் அந்தத் துருவைத் தளர்த்த ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளின் மீது இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, நட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் மரையை வயர் பிரஷால் தேயுங்கள். நட்டு வெளியே வரும் பாதை அதுதான் என்பதால், இந்த வேலையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். பிறகு துரு தளர்த்தும் எண்ணெயை விட்டு, நட்டின் பக்கங்களைச் சிறு சுத்தியலால் தட்டி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் எண்ணெய் விட்டு, இரவு முழுவதும் ஊறவிடுங்கள்.

மறுநாள் ஸ்பேனரின் அளவில் கவனம் தேவை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்த 1489 சிசி எஞ்சினில் அங்குல அளவுகள். பிற்கால இசுஸு எஞ்சினில் மெட்ரிக். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனரை மாட்டினால், அந்த 0.3 மி.மீ. ஆட்டமே துரு தின்ற நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பன்னிரண்டு முனை ரிங்கைவிட ஆறு முனை சாக்கெட்டே இங்கு நம்பத்தக்கது.

கை நுழையாத இடத்தில் நட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, வழியை மறைக்கும் ஏர் கிளீனரையும் கார்புரேட்டரையும் கழற்றிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். கீழிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷனில் யுனிவர்சல் ஜாயின்ட் பொருத்தித் திருப்பலாம். ஆனால் ஜாயின்ட் அதிகம் மடங்கினால் சாக்கெட் சாய்ந்து வழுக்கும். சாக்கெட் நட்டில் முழுதாக அமர்ந்துள்ளதா என்று சிறு கண்ணாடியைக் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் திசையில் அழுத்துங்கள். துருவின் பிடி ‘டக்’கென விடுபடும். பின்னர் கால் சுற்று தளர்த்தி, பாதியளவு திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு மறுபடியும் தளர்த்துங்கள். செம்பழுப்புத் துருப்பொடி எண்ணெயில் குழைந்து சேறாக வழிந்தால், சரியாகச் செய்கிறீர்கள். மாறாக, நட்டு நகராமல் ஸ்பேனர் மட்டும் ரப்பர்போல நெகிழ்ந்து கொடுத்தால் ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். அந்தக் கணமே நிறுத்துங்கள்.

அப்போது வெப்பம்தான் வழி. பெட்ரோல் குழாயை அகற்றி முனையை அடைத்து, வழிந்த எண்ணெயைத் துடைத்து, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டு, நட்டை மட்டும் டார்ச்சால் சூடாக்குங்கள். சற்று ஆறியதும் மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால், உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்பட்டு வழவழப்பைத் தரும். அதற்கும் அசையாவிட்டால், உளியால் நட்டைப் பிளந்துவிடுங்கள். நட்டின் விலை அற்பம். வார்ப்பிரும்புக்குள் உடைந்த ஸ்டட்டைத் துளையிட்டு எடுப்பதோ பெரும்பாடு.

திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டுகளைப் பயன்படுத்தி, மரையில் காப்பர் கிரீஸ் தடவுங்கள். எஞ்சின் ஓடிச் சூடாகி ஆறியபின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.