பழைய கேஸ் ஒன்று பெயரில் இருந்தால்: வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும் முன்

வயது வந்தவரின் தண்டனைப் பதிவை அழித்துத் தர இந்தியாவில் பொதுவான சட்டம் இல்லை. அரசியல் சாசனப் பிரிவு 161-ன் கீழ் ஆளுநரும் 72-ன் கீழ் குடியரசுத் தலைவரும் மன்னிக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த மனுக்கள் பெரும்பாலும் சிறைக்குள் இருப்பவரின் தண்டனைக் காலத்தைப் பற்றியவை. ஆயுள் கைதிகளின் முன்விடுதலையும் தண்டனையைக் குறைக்குமே தவிர, 'குற்றவாளி' என்ற தீர்ப்பைத் தொடாது. பத்து வருடத்துக்கு முந்தைய தெருச் சண்டைக் கேஸுக்கு ஆளுநர் மாளிகை வழி கிடையாது. "மேலிடத்தில் சொல்லி ரெக்கார்டை எடுத்துவிடலாம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உருப்படியான வழி நீதிமன்றத்தின் நகல் பிரிவில் தொடங்குகிறது.

கேஸ் எப்படி முடிந்தது?

"முடிஞ்சு போச்சு" என்ற ஞாபகம் போதாது, தாளில் பார்க்க வேண்டும். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். கிடைக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் (ஒவ்வொரு கேஸுக்கும் உள்ள தனி அடையாள எண்) சி.சி. நம்பரையும் (அந்த நீதிமன்றம் கொடுத்த வழக்கு எண்) குறித்துக்கொண்டு, அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்குவது நல்லது. சார்ஜ் ஷீட் போகாமலே 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' (புகாரில் சொன்ன விவரம் தவறு) என்று முடித்த கேஸ் என்றால், போலீஸ் தாக்கல் செய்த அந்த இறுதி அறிக்கையும் அதை ஏற்ற உத்தரவும் வேண்டும்.

பலர் சறுக்குவது ஃபைன் விஷயத்தில். "ஃபைன் கட்டிட்டேன், கேஸ் குளோஸ்" என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது சட்டப்படி தண்டனை. அது நூறு ரூபாய் ஆனாலும், தமிழ்நாடு நகரக் காவல் சட்டம் 75-ன் கீழ் போட்ட பெட்டி கேஸ் (சிறு வழக்கு) ஆனாலும், விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுத முடியாது.

படிவத்தில் எழுதுவது

அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுருக்கினால் இப்படி: கேட்ட விவரத்தைத் தெரிந்தே மறைத்தால் வேலையை ரத்து செய்யலாம், சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான கேஸ் என்றால் மறைத்ததைக்கூட மன்னிக்கலாம், உண்மையைச் சொன்னவரையும் அவர் பின்னணியைப் பார்த்து நிராகரிக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு. அதாவது சொன்னாலும் ரிஸ்க் உண்டு. ஆனால் சொன்னவருக்கு வாதாட இடம் இருக்கிறது. மறைத்தவருக்கு கேஸோடு பொய்யும் சேர்ந்துகொள்கிறது.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். 'தண்டனை' என்று கேட்டால் விடுதலையான கேஸை எழுதத் தேவையில்லை. 'கைது, வழக்கு, விடுதலை' என்று எல்லாம் கேட்டால் எல்லாவற்றையும் எழுத வேண்டும். கதை வேண்டாம், ஒரே வரி போதும்: "குற்ற எண் __/2017, __ காவல் நிலையம், இ.த.ச. 294(பி), 323, 506(1), சி.சி. எண் __/2018, __ நீதித்துறை நடுவர் நீதிமன்றம். __ தேதியில் விடுதலை. தீர்ப்பு நகல் இணைப்பு." 2024 ஜூலைக்கு முந்தைய அடிதடிக் கேஸ்களில் இந்திய தண்டனைச் சட்டத்தின் (இ.த.ச.) அந்த மூன்று பிரிவுகளும் சேர்ந்தே வருவது நம் ஊர் வழக்கம்.

போலீஸ் வேலை என்றால் தனிக் கணக்கு

தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)-ன் விளக்கம், சந்தேகத்தின் பலனிலோ புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதாலோ விடுதலையானவரை, கேஸில் 'சம்பந்தப்பட்டவர்' என்றே பார்க்கிறது. எனவே தீர்ப்பின் கடைசிப் பத்தி முக்கியம். "சந்தேகத்தின் பலன் வழங்கி" என்ற சொற்கள் இருக்கின்றனவா, "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை" என்று மட்டும் முடிகிறதா என்று பாருங்கள். சாட்சிகளை முழுமையாக ஆராய்ந்து, அரசுத் தரப்பு அடியோடு தோற்றதால் வந்த விடுதலையைத்தான் 'ஹானரபிள் அக்விட்டல்' (கௌரவமான விடுதலை) என்று நீதிமன்றங்கள் ஏற்கின்றன. கேஸ் இன்னும் நடந்துகொண்டிருந்தால், ராஜி பேசுவதற்கு முன்பே வக்கீலிடம் உங்கள் வேலைத் திட்டத்தைச் சொல்லிவிடுங்கள். பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 359-ன் கீழ் செய்யும் சமரசத்துக்கு விடுதலையின் பலன் உண்டு, சீக்கிரமும் முடியும். ஆனால் சீருடைப் பணித் தேர்வில் அதுவே இடிக்கலாம். உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ் க்வாஷ் மனு (கேஸை ரத்து செய்யக் கோரும் மனு) போடும்போதும், சமரசத்தில் ரத்தானதா, கேஸிலேயே சரக்கு இல்லை என்று ரத்தானதா என்ற வித்தியாசம் பின்னால் கேட்கப்படும்.

தண்டனையே ஆகிவிட்டது என்றால்

குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958-ஐப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரிவு 3-ன் கீழ் கண்டித்து விடுவித்தாலோ, 4-ன் கீழ் நன்னடத்தைப் பிணையில் விடுவித்தாலோ, அந்தத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு பிரிவு 12-ன்படி ஒட்டாது. 21 வயதுக்குக் கீழானவரை ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்ப, நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். இந்தச் சலுகையை மேல்முறையீட்டிலும் கேட்கலாம். மாஜிஸ்திரேட் தீர்ப்பை எதிர்த்து செஷன்ஸ் நீதிமன்றம் போக 30 நாள். தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவைச் சேர்த்துப் போட வேண்டும். ஆளுநரின் மன்னிப்பைவிட நமக்கு அதிகம் உதவக்கூடிய மன்னிப்பு இதுதான். ஆனால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் நம்பும்படி காரணம் வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையின் அளவு அல்லது அதன் சட்டப்படியான தன்மை பற்றி மட்டுமே மேல்முறையீடு உண்டு. ஒன்றை மனதில் வையுங்கள்: பிரிவு 12 தகுதியிழப்பைத்தான் நீக்குகிறது, நடந்ததை அழிப்பதில்லை. துறை நடவடிக்கை எடுக்க அது தடையில்லை.

சம்பவத்தின்போது 18 வயது ஆகவில்லை என்றால் நிலைமையே வேறு. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 24 எந்தத் தகுதியிழப்பையும் ஏற்பதில்லை. நன்னடத்தைச் சான்றுக்காக அந்தப் பதிவைப் போலீஸ் வெளியிடக் கூடாது என்கிறது பிரிவு 74(2). 16 வயது முடிந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் பிரிவு 24-ன் பாதுகாப்பு இல்லை. பள்ளிச் சான்றிதழையும் சட்டப் பிரிவையும் சேர்த்துக் கொடுத்தால் ஸ்டேஷனில் பேச்சு குறையும்.

பாஸ்போர்ட்

எஃப்.ஐ.ஆர். மட்டும் இருந்து, நீதிமன்றம் இன்னும் கோப்புக்கு எடுக்கவில்லை (சார்ஜ் ஷீட்டை ஏற்று வழக்காக எடுக்கவில்லை) என்றால் அது 'நிலுவை வழக்கு' ஆகாது. கோப்புக்கு எடுத்துவிட்டால் பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) தடுக்கும்; வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி மனு போட வேண்டும். மனுவிலேயே எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள். உத்தரவில் கால அளவு இல்லாவிட்டால், 1993-ம் ஆண்டு அறிவிக்கையின்படி ஓராண்டுக்குத்தான் பாஸ்போர்ட் வரும். அடுத்த வருடம் திரும்பவும் கோர்ட் வாசலில் நிற்க வேண்டும். தண்டனை பெற்றவருக்கு 6(2)(இ)-ன் தடை எப்போதைக்கும் அல்ல: ஒழுக்கக் கேடான குற்றம், இரண்டு ஆண்டுக்குக் குறையாத சிறை, விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டுக்குள் வந்த தண்டனை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான்.

ஸ்டேஷன் பதிவு

விடுதலையான பிறகும் போலீஸ் கணினியில் 'விசாரணையில்' என்றே கிடப்பது சாதாரணம். தீர்ப்பு நகலோடு ஒரு கடிதம் எழுதி ஸ்டேஷனில் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வெரிஃபிகேஷன் வருவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். வந்த பிறகு ஓடினால், மோசமான அறிக்கை உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற தொலைபேசி எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை.