சூடானால் நிற்கும் பழைய புல்லட்: காயிலைச் சோதித்து மாற்றுவது எப்படி?

பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) வைத்த 12 வோல்ட் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோளாறு தெரிந்திருக்கும். காலையில் ஒரே உதையில் கிளம்பும். நன்றாகச் சூடானதும் விட்டு விட்டு ஓடி நின்றுபோகும். டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். பட்டறையில் காட்டினால் அங்கே ஒழுங்காக ஓடும்! பெட்ரோலையும் பிளக்கையும் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்த சந்தேகம் காயில், அதாவது பேட்டரியின் 12 வோல்ட்டைப் பிளக்கில் பொறி வரும் அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும் பகுதி.

முதலில் அம்மீட்டர், அதாவது பேட்டரி மின்னோட்டத்தைக் காட்டும் முள் மீட்டர். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடினால் முள் கழித்தல் பக்கம் சாயும், திறந்தால் நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையா? ஃபியூஸ், வயர், பாயிண்ட் கரி இவற்றை முதலில் பாருங்கள்.

அடுத்ததுதான் பலரும் வழுக்கும் இடம். சூட்டில் கெடுவது காயில் மட்டுமல்ல, பாயிண்டில் பொறி தெறிக்காமல் காக்கும் கண்டன்சரும்தான். பாயிண்ட் மூடியைத் திறந்துவைத்து உதைத்துப் பாருங்கள். பாயிண்ட் நடுவே பெரிய பொறி தெறித்து, முனைகள் கருகியிருந்தால் கண்டன்சரை மாற்றுங்கள், விலையும் குறைவு. பாயிண்ட் சுத்தம், இடைவெளியும் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை சரி, ஆனால் பிளக்கில் பொறி மஞ்சளாக, சோர்ந்து வருகிறது என்றால் காயில் மேல் சந்தேகப்படலாம்.

மல்டிமீட்டரில் காயிலின் பிரைமரி (பேட்டரி பக்கச் சுற்று) சுமார் 3 முதல் 4 ஓம், செகண்டரி (பிளக் பக்கச் சுற்று) பல கிலோ ஓம் காட்ட வேண்டும். பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு அளங்கள், அதற்குள்ளும் ரெசிஸ்டர் இருக்கும். வண்டி நின்ற சூட்டோடு அளப்பது முக்கியம். அளவு சரியாக வந்தாலும் காயில் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். மீட்டர் கொடுப்பது சில வோல்ட், காயிலின் இன்சுலேஷன் தாங்க வேண்டியதோ பல ஆயிரம் வோல்ட். என்னைக் கேட்டால், மீட்டரை நம்புவதைவிட நண்பர் வண்டியின் நல்ல காயிலைப் போட்டுப் பார்ப்பதே சிறந்தது. டியூப் ரப்பரால் பிரேமில் கட்டி, வயர்களை மாற்றிக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டுங்கள். டப்பா வடிவக் காயிலுக்கு உடம்பு பிரேமோடு எர்த் ஆக வேண்டியதில்லை.

மாற்றும்போது பேட்டரி வயரைக் கழற்றுங்கள். என் வண்டியில் டேங்கை எடுத்தால்தான் கை போகும். 'எஸ்.டபிள்யூ.' என்ற முனை சாவிக்கு, 'சி.பி.' பாயிண்டுக்கு. மாறிப் போனாலும் வண்டி ஓடும், பொறிதான் பலவீனமாகும். கிளாம்பை டப்பா நசுங்குமளவு இறுக்க வேண்டாம். காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் ஹெச்.டி. வயரையும் புதிதாகப் போடுங்கள், செம்புக் கம்பி உள்ளதாக.

பின்சேர்க்கை: 6 வோல்ட் வண்டிக்கும் இதே 12 வோல்ட் காயில் போதுமா என்று கேட்கிறார்கள். போதாது, பொறி சோர்ந்துவிடும். 6 வோல்ட் காயிலை 12 வோல்ட்டில் போட்டால் கொதித்துவிடும். புதுக் காயிலும் சில வாரங்களில் போனால், இன்ஜின் நின்றபின் சாவியை ஆன் நிலையிலேயே விடும் பழக்கம் உண்டா என்று பாருங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலுக்குள் 3 ஆம்பியருக்கும் மேல் ஓடிக்கொண்டே இருக்கும்.