ரீப்பர் 7: ஒரே டிராக்குக்குள் பேரலல் மிக்ஸிங்

பாடல் பதிவுக்கும் மிக்ஸிங்குக்கும் பயன்படும் ரீப்பர் மென்பொருளின் 6-ஆம் பதிப்பிலிருந்து 7-க்கு மாறியதும் முதலில் கண்ணில் படுவது புதிய தோற்றம்தான். மிக்ஸ் செய்பவருக்கு அதனால் பெரிய ஆதாயம் இல்லை. 2023 அக்டோபரில் வந்த இந்தப் பதிப்பின் முக்கியமான மாற்றம் எஃப்எக்ஸ் ஜன்னலுக்குள், அதாவது ஒலியை மாற்றும் பிளகின்களை அடுக்கும் ஜன்னலுக்குள் இருக்கிறது. பிளகின்களை ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமல்லாமல் பக்கவாட்டில், அதாவது பேரலலாகவும் ஓடவிடலாம். பல பிளகின்களைக் கன்டெய்னர் என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடலாம். சென்ட் (ஒலியை இன்னொரு டிராக்குக்கு அனுப்பும் வழி), துணை டிராக், அதற்கொரு ஃபேடர் என்று சிதறிக்கிடந்த வேலை ஒரே டிராக்கில் முடிந்துவிடுகிறது. ஆனால் பிளகின் வரிசையில் ஒரு சிறு பிசகு நேர்ந்தால், எதனால் ஒலி கெட்டது என்றே தெரியாமல் மணிக்கணக்கில் தேட நேரும். ஆகவே வரிசையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

மாறுவதற்கு முன்

ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் நடுவே பழைய பதிப்பின் மேலேயே 7-ஐ நிறுவ வேண்டாம். விண்டோஸில் நிறுவும்போது வரும் போர்ட்டபிள் இன்ஸ்டால் பெட்டியை டிக் செய்து வேறொரு ஃபோல்டரைக் காட்டினால் இரண்டு பதிப்புகளும் தனித்தனி அமைப்புகளோடு அருகருகே இருக்கும். பழைய ஷார்ட்கட், மெனு மாற்றங்களை எல்லாம் ப்ரிஃபரன்ஸஸில் ஜெனரல் பக்கத்திலுள்ள எக்ஸ்போர்ட் வசதி ஒரே கோப்பாகக் கட்டித் தரும். அதைப் புதிய ரீப்பர் ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டால் போதும். எஸ்டபிள்யூஎஸ் எக்ஸ்டென்ஷன் என்ற கூடுதல் கருவித்தொகுப்பைப் பயன்படுத்துபவர்கள் அதையும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். 6-க்கு வாங்கிய உரிமம் 7.99 வரை செல்லும். 5-க்கு வாங்கியது 6.99-ஓடு முடிந்துவிடும்.

பழைய மிக்ஸ் புதிய பதிப்பில் அதேபோல் ஒலிக்கிறதா என்று காதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். 6-ல் ஒரு முறை, 7-ல் ஒரு முறை ரெண்டர் செய்து (மிக்ஸை ஒலிக்கோப்பாக எடுத்து), இரண்டையும் ஒரே இடத்தில் தொடங்கும்படி இரு டிராக்குகளில் வையுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி, ஃபேஸை இன்வர்ட் செய்யுங்கள், அதாவது அலையைத் தலைகீழாக்குங்கள். சேர்ந்து ஓடும்போது முழு நிசப்தம் என்றால் இரண்டும் ஒன்றே. கோரஸ் போலத் தானாக அலையும் மாடுலேஷன் உள்ள பிளகின்களும், அத்தகைய ரிவெர்புகளும் ஒவ்வொரு ரெண்டரிலும் சற்று மாறும் என்பதால், அவை மட்டும் மெல்லியதாக மிஞ்சி நிற்கலாம். கிக், பேஸ் போன்றவை மிஞ்சினால்தான் கவலைப்பட வேண்டும். ஏதோ ஒரு பிளகின் வேறு அமைப்போடு திறந்திருக்கிறது.

பேரலல் என்றால் எதற்குப் பேரலல்?

எஃப்எக்ஸ் பட்டியலில் ஒரு பிளகின்மேல் ரைட் கிளிக் செய்தால், அதை முந்தைய பிளகினோடு பேரலலாக ஓடவிடும் தெரிவு கிடைக்கும். 'முந்தைய' என்ற சொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். முதலில் ஈக்யூ (அலைவரிசைகளை ஏற்றி இறக்குவது), அடுத்து கம்ப்ரஸர் (உரத்த ஒலியை அழுத்துவது) என்று வைத்து, கம்ப்ரஸரைப் பேரலல் ஆக்கினால் இரண்டுக்கும் ஒரே மூல ஒலிதான் போகும். அதாவது கம்ப்ரஸருக்குக் கிடைப்பது ஈக்யூ தொடாத ஒலி. ஈக்யூவில் வெட்டிய 300 ஹெர்ட்ஸ் கலங்கல் கம்ப்ரஸர் வழியாக மறுபடியும் உள்ளே வந்து சேரும்.

இதைத் தவிர்க்க, ஈக்யூவுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே, எதையும் மாற்றாத ஒரு பிளகினை வைக்க வேண்டும். ரீப்பரோடு வரும் ஜேஎஸ் வகையிலுள்ள வால்யூம் அட்ஜஸ்ட்மென்ட் இதற்குப் போதும். அதை 0 டெசிபலில் விட்டுவிடுங்கள். அதுதான் உங்கள் மூல ஒலியின் பாதை. கம்ப்ரஸரை அதற்குப் பேரலலாக வைத்தால் ஈக்யூ முடிந்த ஒலியே இரண்டு பாதைகளுக்கும் போகும்.

ஒரே ஒரு கம்ப்ரஸர்தான் என்றால் இந்த ஏற்பாடே தேவையில்லை. ரீப்பரின் சொந்தக் கம்ப்ரஸரான ரீகாம்ப்பிலேயே வெட் (மாற்றிய ஒலி), டிரை (மாற்றாத ஒலி) என்று தனித்தனி ஃபேடர்கள் இருக்கின்றன. பேரலல் பாதையில் இரண்டு மூன்று பிளகின்கள் வரிசையாக வேண்டும் என்னும்போதுதான் கன்டெய்னர் தேவைப்படுகிறது. பேரலல் தெரிவு ஒரு பிளகினுக்கு மட்டுமே பொருந்தும். ஆனால் கன்டெய்னரையும் ரீப்பர் ஒரு பிளகினாகத்தான் எண்ணும். வேண்டியவற்றைப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி, பெட்டியை மொத்தமாகப் பேரலல் ஆக்கிவிடலாம்.

டிரம் பஸ்ஸில் செய்து பார்க்க

வரிசை இப்படி இருக்கட்டும்: டிரம் பஸ்ஸின் (எல்லா டிரம் டிராக்குகளும் சேரும் டிராக்கின்) வழக்கமான ஈக்யூ, அடுத்து 0 டெசிபலில் வால்யூம் அட்ஜஸ்ட்மென்ட், அதற்குப் பேரலலாகக் கன்டெய்னர். கன்டெய்னருக்குள் முதலில் ரீகாம்ப், அடுத்து ரீப்பரின் ஈக்யூவான ரீஈக்யூ, கடைசியில் இன்னொரு வால்யூம் அட்ஜஸ்ட்மென்ட்.

ரீகாம்ப்பில் ரேஷியோ 8:1, அட்டாக் 1 முதல் 3 மில்லி செகண்ட், ரிலீஸ் 60 முதல் 80 மில்லி செகண்ட், ஆர்எம்எஸ் அளவு 0. ஸ்னேர் விழும்போது 10 முதல் 15 டெசிபல் வரை அழுந்தும்படி த்ரெஷோல்டை இறக்குங்கள். இந்தப் பாதையைத் தனியாகக் கேட்டால் நசுங்கித்தான் கேட்கும். அடித்த அடியின் வால், அறையின் ஒலி, ஸ்னேரின் சலசலப்பு எல்லாம் மேலெழ வேண்டும் என்பதற்காகத்தானே இதைச் செய்கிறோம். ரீஈக்யூவில் 8 கிலோஹெர்ட்ஸ் ஷெல்ஃபை 2 டெசிபல் ஏற்றலாம். ஹை-ஹாட் கீச்சிட்டால் ஏற்றாமல் இறக்குங்கள்.

கடைசி வால்யூமை முழுவதும் குறைத்துவிட்டு மெல்ல ஏற்றுங்கள். பேரலல் பாதைகள் இரண்டும் கூட்டப்படுவதால் மொத்த ஒலி ஏறும் என்பதை மறக்கக் கூடாது. ஒரே ஒலி சம அளவில் கூடினால் 6 டெசிபல் ஏறும். 12 டெசிபல் தாழ்த்தி வைத்தாலும் ஏறத்தாழ 2 டெசிபல் ஏறும். சத்தம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஏறிய அளவைப் பாதைகள் சேர்ந்தபின் குறைத்துவிட்டுத்தான் முன்னதையும் பின்னதையும் ஒப்பிட வேண்டும்.

கன்டெய்னரின் மேல்மூலையில் உள்ள வெட் குமிழை 100-லேயே விட்டுவிடுங்கள். அதை 50-க்கு இறக்கினால் நசுக்கிய ஒலி பாதியாகும். கூடவே நசுக்காத ஒலியின் பாதியும் அதே பாதையில் சேரும். மூல ஒலி இரண்டு முறை கூடி, அளவுக் கணக்கே குழம்பிவிடும். எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் கடைசி வால்யூமில் மட்டும் தீர்மானியுங்கள்.

ஒலி மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது, பேரலல் பாதையில், அடி அலைவரிசைகளை வெட்டும் செங்குத்தான ஹை-பாஸ் ஃபில்டர். ரீஈக்யூ போன்ற சாதாரண ஈக்யூக்கள் வெட்டும் இடத்தைச் சுற்றி ஃபேஸையும் திருப்பும். அதை மூல ஒலியோடு கூட்டும்போது அந்த அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஹை-பாஸுக்குப் பதில் மென்மையான லோ-ஷெல்ஃபால் இறக்கினால் கேடு குறையும். இரண்டாவது, ஒரு பாதையின் ஒலி பிந்தி வரும் தாமதம். எஃப்எக்ஸ் ஜன்னலின் அடியில் சாம்பிள் கணக்கில் தாமதம் காட்டப்படும். சந்தேகம் இருந்தால், பேரலல் பாதையில் ரேஷியோவை 1:1 ஆக்கி, ஈக்யூ பேண்டுகளைத் தட்டையாக்கி, வால்யூமை 0-க்குக் கொண்டுவந்து, போலாரிட்டியைத் திருப்பும் ஜேஎஸ் கருவி ஒன்றைக் கடைசியில் சேருங்கள். நிசப்தமானால் பாதைகள் ஒழுங்காகப் பொருந்துகின்றன. இல்லையென்றால் பாதையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். எதை எடுத்தபோது ஒலி அடங்குகிறதோ அதுதான் சிக்கல்.

மிட்-சைடையும் பெட்டிக்குள் வையுங்கள்

ஜேஎஸ் மிட்/சைட் என்கோடர், ரீஈக்யூ, டிகோடர் மூன்றையும் ஒரே கன்டெய்னரில் வைப்பது மிகவும் பயனுள்ளது. என்கோடருக்குப் பின் 1-ஆம் சேனலில் மிட் (இரு பக்கத்துக்கும் பொதுவான நடு ஒலி), 2-ஆம் சேனலில் சைட் (இரு பக்கங்களின் வேறுபாடு) இருக்கும். ரீஈக்யூவின் 'பின் கனெக்டர்' (pin connector) என்ற சேனல் இணைப்புக் கட்டத்தில் 2-ஆம் சேனலை மட்டும் உள்ளேயும் வெளியேயும் இணைத்து, 120 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் போட்டால் அடிநாதம் நடுவில் திரண்டு நிற்கும். வெளியே தனித்தனியாக இருந்தால், டிகோடரை மட்டும் தவறிப்போய் அணைத்துவிட்டு ஸ்டீரியோ படம் கோணலாகிவிடும் ஆபத்து உண்டு. பெட்டிக்குள் இருந்தால் மூன்றையும் ஒரே சொடுக்கில் அணைக்கலாம். சரியாக அமைந்ததும் எஃப்எக்ஸ் செயினாகச் சேமித்துக்கொண்டால் அடுத்த பாடலில் உட்கூறுகளோடு அப்படியே வந்துவிடும்.

லேன்கள்

ஒரே டிராக்குக்குள் பல பதிவுகளை அடுக்கி வைக்கும் டிராக் லேன்களைப் பாடல் பதிவுக்கான வசதியாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். நல்ல டேக்குகளை மவுஸால் இழுத்துத் தேர்ந்து கோப்பதற்கு அது அருமைதான். மிக்ஸிலும் அதற்கு வேலை இருக்கிறது. டிராக்மேல் ரைட் கிளிக் செய்து ஃபிக்ஸ்டு லேன்களை இயக்கி, ஒரு லேனில் பாடகரின் மூலக் குரலையும் இன்னொன்றில் சுருதி திருத்திய குரலையும் வையுங்கள். பிளகின்களும் ஆட்டோமேஷனும் இரண்டுக்கும் பொது என்பதால், லேனின் பிளே பட்டனை மாற்றி மாற்றி அழுத்தி, திருத்தம் எந்த வரியில் உயிரைக் குறைக்கிறது என்று அங்கேயே கேட்டுவிடலாம். இரண்டு கிளிப்புகளின் அளவும் சமமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டியிருந்தால், அவரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். 6-க்கு கன்டெய்னரும் தெரியாது, லேனும் தெரியாது. அவர் 6-ல் இருந்தால் புராஜெக்ட் கோப்பை அனுப்பாமல், வேண்டிய டிராக்குகளைத் தேர்ந்து ரெண்டர் ஜன்னலில் ஸ்டெம்களாக (டிராக்குக்கு ஒரு தனி ஒலிக்கோப்பாக) எடுத்து, எல்லாம் பாடலின் முதல் நொடியிலிருந்து தொடங்கும்படி அனுப்புங்கள்.