8 விநாடி பொறுக்காத ரெய்டு கார்டு

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் மாமா நடத்தும் மளிகைக் கடையின் பழைய சர்வரில், ஒன்றுக்கொன்று நகலான இரண்டு டிஸ்குகள், பல டிஸ்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கார்டின் பொறுப்பில் இருந்தன. ஒரே மாதத்தில் மூன்று முறை, ஒன்றைப் பழுது என்று கார்டு விலக்கிவிட்டது. கழற்றிச் சோதித்தால் குறையே இல்லை. கேபிளை மாற்றினேன், பவர் சப்ளையை மாற்றினேன், சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைகளுக்கு இரண்டு நடை நடந்தேன். நான்கு நாள் வீணானதுதான் மிச்சம்.

பதிவுகளைப் புரட்டியபோதுதான் உறைத்தது: மூன்றுமே ஞாயிறு இரவு, முழு பேக்கப் ஓடும்போது நடந்தவை. நான் ஓட்டியதோ குறுஞ்சோதனை. அது டிஸ்க் முழுவதையும் படிப்பதில்லை. நெடுஞ்சோதனையில் படிக்க முடியாத செக்டர் (டிஸ்கின் ஒரு சிறு பகுதி) ஒன்று அகப்பட்டது. மலிவான மேசைக்கணினி டிஸ்க் அத்தகைய இடத்தில் மீண்டும் மீண்டும் படிக்க நிமிடக்கணக்கில்கூட முட்டி மோதும். கார்டு சுமார் 8 விநாடிதான் பொறுத்தது, பிறகு டிஸ்கே பழுது என்று விலக்கிவிட்டது.

டிஸ்குகளை நேரே மதர்போர்டில் செருகி, கார்டின் வேலையை லினக்ஸ் இயங்குதளமே செய்யும் மென்பொருள் ரெய்டுக்கு மாறினேன். லினக்ஸின் இயல்பான பொறுமையும் 30 விநாடிதான், 180 ஆக்கினேன். மறுதொடக்கத்தில் அது பழையபடி 30 ஆகிவிடும், அதனால் தொடக்க ஸ்கிரிப்டிலும் எழுதிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து இன்னொரு செக்டர் தலைகாட்டியது. டிஸ்க் விலகவில்லை, மற்ற நகலைப் படித்து லினக்ஸே அந்த இடத்தில் திருப்பி எழுதிவிட்டது. அப்பாடா! மாற்று டிஸ்க் ஒன்றும் வாங்கிவைத்தாயிற்று. கார்டை மட்டும் தூக்கியெறிய மாமாவுக்கு மனம் வரவில்லை.