பாய்மரம் தூக்குறதுக்கு முன்னாடி: சின்ன கேட்டமரனை முதல் தடவையா பூட்டுறவங்களுக்கு

கேட்டமரன்ங்கிற வார்த்தை நம்ம கட்டுமரத்துல இருந்து போனதுன்னு எல்லாருக்கும் தெரியும். மரங்களை ஒட்டி ஒட்டி வெச்சு கயித்தால இறுக்கி கட்டுனா அது கட்டுமரம். இப்ப இருக்கிற ரெண்டு ஹல் (தண்ணில மிதக்கிற உடல்) பாய்ப்படகுக்கும் அதுக்கும் உருவத்துல ஒத்துமை கம்மிதான், ஆனா கட்டுனாத்தான் படகுங்கிற விஷயம் மட்டும் அப்படியே இருக்கு. பிரிச்சு தரையில போட்டா ரெண்டு நீளமான ஃபைபர் கூடு, நாலஞ்சு அலுமினியக் குழாய், ஒரு வலைத்துணி, ஒரு மூட்டை கயிறு, அவ்வளவுதான். அதை படகா ஆக்குறது சின்னச் சின்ன பின்னும் முடிச்சும்.

நான் இதுல படிச்சுக்கிட்ட பாடம் ஒண்ணுதான், அதை முதல்லயே சொல்லிடுறேன். பாய்மரம் நிமிர்ந்துருச்சுன்னா மேல இருக்கிறது எதுவும் கைக்கு எட்டாது. அதனால மேல போகப்போற ஒவ்வொரு பொருளையும் அது தரையில கிடக்கும்போதே தொட்டுப் பாக்கணும். கீழ வர்ற எல்லா ஸ்டெப்பும் இதை வெச்சுத்தான் எழுதியிருக்கேன்.

அளவு ஒரு அந்தாஜுக்கு தெரியணும்னா ஹோபி 16ஐ எடுத்துக்கலாம். ஹோபி ஆல்டர்ங்கிறவர் அலைச்சறுக்கு பலகை செஞ்சுட்டு இருந்தவர், 1960கள் கடைசில கரையில இருந்தே தள்ளிட்டுப் போற மாதிரி லேசான படகு வேணும்னு இந்த வகைய கொண்டு வந்தார், இன்னிக்கும் பீச்ல அதிகமா பாக்குறது இதுதான். நீளம் 5 மீட்டருக்கு கொஞ்சம் மேல, அகலம் 2.4 மீட்டர், எடை சுமார் 145 கிலோ, பாய்மரம் 8 மீட்டர். உங்க படகு வேற மாடலா இருந்தாலும் வரிசை பெரும்பாலும் இதேதான், போல்ட்டும் ஓட்டையும் இடம் மாறும், அதுக்கு படகோட வந்த புத்தகத்தைப் பாருங்க.

கையில என்ன வேணும்

ஸ்பேனர், பிளையர், அளவு டேப், கத்தி, இன்சுலேஷன் டேப், மெல்லிசா ரெண்டு மூணு துண்டு கயிறு. இதோட பின்னுக்குப் போடுற குட்டி வளையம், சாவி வளையம் மாதிரியே சுருண்டு இருக்கும், அது ஒரு பத்தாவது எக்ஸ்ட்ரா வெச்சுக்கோங்க, மணல்ல விழுந்தா திரும்பக் கிடைக்காது. கூட ஒரு ஆள் கண்டிப்பா வேணும்.

இடம்

சமமான தரை, சுத்தி திறந்த வெளி. முதல்ல தலையை மேல தூக்கிப் பாருங்க, கரண்டு கம்பி எங்கயாவது போகுதான்னு. இப்ப நிக்கிற இடத்துல மட்டும் பாத்தா பத்தாது, தண்ணி வரைக்கும் படகை தள்ளிட்டுப் போற வழி முழுக்க பாக்கணும், ஏன்னா 8 மீட்டர் அலுமினிய மரத்தை நிமிர்த்தி வெச்சுட்டுதான் நகரப்போறோம். பாய்மரம் கம்பியில பட்டு உசிரு போன சம்பவங்கள் நடந்திருக்கு, அதனாலதான் ஹோபில பிற்பாடு மரத்தோட மேல்துண்டை கரண்டு பாயாத ஃபைபர்ல செஞ்சாங்க. அப்படி மேல்துண்டு இருந்தாலும் கம்பி இருக்கிற பக்கமே போகாதீங்க, மீதி மரமும் இழுகம்பியும் உலோகம்தான்.

ஹல்லும் ஃப்ரேமும்

ரெண்டு ஹல்லையும் மெத்துனு ஏதாவது மேல வைங்க, மணல்னா நேராவே வைக்கலாம். எது இடது எது வலதுன்னு பாக்கணும். ஹோபி 16ல ஹல் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு பக்கம் தட்டையா இருக்கும், இன்னொரு பக்கம் வளைஞ்சிருக்கும். தட்டை வெளிப்பக்கம், வளைவு உள்பக்கம் பாத்து வரணும். படகு காத்துல பக்கவாட்டா நழுவாம பிடிக்கிறதே இந்த வளைவுதான், அதனாலதான் இதுக்கு தண்ணிக்குள்ள இறக்குற பலகை கிடையாது. மாத்தி வெச்சா எல்லாமே தப்பாப் போகும்.

அப்புறம் முன் பீம், பின் பீம் (ரெண்டு ஹல்லையும் சேர்க்கிற குறுக்குக் குழாய்ங்க), பக்கக் குழாய். சில மாடல்ல போல்ட் போடுவாங்க, சிலதுல ஹல் மேல நிக்கிற தூண்ல ஃப்ரேம் வந்து உக்காரும். போல்ட் இருந்தா ஒண்ணை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க, எல்லாத்தையும் கையால திருகி விட்டுட்டு டேப் எடுங்க. இடது ஹல்லோட மூக்குல இருந்து வலது ஹல்லோட வால் வரைக்கும் ஒரு அளவு, வலது மூக்குல இருந்து இடது வால் வரைக்கும் ஒரு அளவு. ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் படகு சதுரமா நிக்குது. இல்லன்னா ஒரு ஹல்லை முன்னயோ பின்னயோ தள்ளி சரி பண்ணிட்டு அப்புறம் இறுக்குங்க.

டிராம்போலின்

நடுவுல நாம உக்கார்ற துணி. ஓரத்தை பீம்ல இருக்கிற தடத்துல நுழைச்சு இழுத்து, மீதிய கண்ணிக்கு கண்ணி கயிறு கோத்து கட்டணும். கட்டில்ல கயிறு பின்னுறவங்களைப் பாத்திருந்தா இது சுலபமா புரியும், ஒரே தடவைல இறுகாது, முதல்ல லூசா கோத்துட்டு, ஒரு முனையில இருந்து மறுமுனை வரைக்கும் மூணு நாலு தடவை இழுத்து இழுத்து வரணும். இறுக்கமா கட்டுங்க, ஏன்னா ஃப்ரேமை விறைப்பா வெச்சிருக்கிறதுல இதுக்கும் பங்கு உண்டு.

பாய்மரம், இதுக்குத்தான் நேரம் ஒதுக்கணும்

மரத்தை படகு மேல படுக்க வைங்க, அடிப்பாகம் முன் பீம்கிட்ட, உச்சி பின்னாடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். பாய் ஏறுற தடம் தரையைப் பாத்து இருக்கணும், நிமிர்த்தும்போது அது தானா பின்பக்கம் வந்துரும்.

மேல இருந்து வர்ற கம்பி எல்லாத்தையும் பிரிச்சு நேராக்குங்க. ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிறது ஷ்ரவுட், முன்னாடி பிடிக்கிறது ஃபோர்ஸ்டே. ஓட்டுறப்ப வெளிய தொங்குறதுக்கான டிராப்பீஸ் கம்பியும் இருக்கலாம். நான் ஆரம்பத்துல ஒரு தடவை டிராப்பீஸ் கம்பி ஷ்ரவுடை சுத்திக்கிட்டு இருந்ததைப் பாக்காம மரத்தை தூக்கிட்டேன். கீழ நின்னு ஆட்டிப் பாத்தேன், சுண்டிப் பாத்தேன், அவிழவே இல்ல, கடைசில மரத்தையே திரும்ப இறக்க வேண்டியதாப் போச்சு. ஏத்துறதை விட இறக்குறதுதான் பயமா இருந்துச்சு. அதுல இருந்து ஒவ்வொரு கம்பியையும் உச்சில இருந்து நுனி வரைக்கும் விரலை ஓட்டிட்டே வருவேன். அப்படி ஓட்டும்போது ஒரு இழை அறுந்து குத்துற மாதிரி நீட்டிட்டு இருந்தா அந்தக் கம்பிய மாத்தணும், வேற வழி கிடையாது. (கையில துணிய சுத்திக்கோங்க, கிழிச்சுரும்.)

மேல கம்பிய மரத்தோட சேர்க்கிற U மாதிரி இரும்பு வளையம், அதாவது ஷாக்கிள், இறுகியிருக்கா, ஒவ்வொரு பின்லயும் வளையம் இருக்கா, பாயை ஏத்துற கயிறு, அதாவது ஹால்யார்ட், உச்சியில இருக்கிற உருளைல சரியா ஓடுதா பாருங்க. ஹால்யார்ட்டோட ரெண்டு முனையையும் மரத்தோட அடில கட்டிப் போடுங்க, இல்லன்னா ஒரு முனை மேல ஓடிப்போயிரும், அப்புறம் அதுக்காக மரத்தை இறக்கணும்.

இப்ப ரெண்டு ஷ்ரவுடையும் ஹல் பக்கத்துல இருக்கிற தகட்டுல மாட்டுங்க. அந்தத் தகட்டுல நிறைய ஓட்டை இருக்கும். முதல் தடவைக்கு நடு ஓட்டை போதும், ஆனா ரெண்டு பக்கமும் அதே நம்பர் ஓட்டையா இருக்கணும். பின் போட்டு, வளையம் மாட்டி, மேல ஒரு சுத்து டேப் ஒட்டிருங்க. மரத்தோட அடியை முன் பீம் மேல இருக்கிற குழில வெச்சு கீல் பின்னைப் போடுங்க (கதவுக் கீல் மாதிரி அடியைப் பிடிச்சுக்கிற பின்), இது இல்லன்னா தூக்கும்போது அடி நழுவி முன்னாடி ஓடும்.

தூக்குறது இப்படி. பலமான ஆள் டிராம்போலின் மேல பின்பக்கம் நின்னு மரத்தை தோள்ல ஏத்தி, அடி அடியா முன்னாடி நடந்து வரணும். இன்னொரு ஆள் படகுக்கு முன்னாடி தரையில நின்னு ஃபோர்ஸ்டே முனையில கட்டுன கயித்தை இழுக்கணும். ஆரம்பத்துல முழு பாரமும் தோள்லதான், பாதிக்கு மேல போனா முன்னாடி இழுக்கிறவர் கைக்கு பாரம் மாறும். நேரா முன்னாடி பாத்தே நடங்க, பக்கவாட்டுல சாயவே விடக்கூடாது, அந்த சமயத்துல ஷ்ரவுட் தொளதொளன்னு இருக்கும், பிடிச்சு நிறுத்தாது. சமமான தரை வேணும்னு மேல சொன்னது இதுக்காகத்தான். பக்கத்துல பின்னாடி எல்லாம் யாரும் நிக்கக் கூடாது. காத்து பலமா அடிச்சா அன்னிக்கு தூக்காதீங்க.

நிமிர்ந்ததும் மேல நிக்கிறவர் மரத்தை முன்னாடி தள்ளிப் பிடிச்சுட்டே இருக்கணும், முன்னாடி இருக்கிறவர் ஃபோர்ஸ்டேய பிரைடில்ல மாட்டணும். பிரைடில்னா ரெண்டு ஹல் மூக்குல இருந்தும் வந்து நடுவுல சேர்ற கம்பி ஜோடி. பின் உள்ள போயி வளையமும் மாட்டுனதுக்கு அப்புறம்தான் "விடலாம்"னு வாய்விட்டு சொல்லணும், அந்த வார்த்தை காதுல விழாம மேல இருக்கிறவர் கையை எடுக்கக் கூடாது. இதை தூக்குறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க.

அடுத்து கீல் பின்னை எடுத்துருங்க. ஓட்டும்போது மரம் லேசா இடமும் வலமும் திரும்பணும், பின் உள்ளயே இருந்தா திரும்பாது. மரம் நேரா நிக்குதான்னு பாக்க ஹால்யார்ட் முனைய ஒரு பக்க ஷ்ரவுட் தகடு வரைக்கும் இழுத்து அளவைப் பிடிச்சுக்கோங்க, அதே அளவை மறுபக்கம் கொண்டு போங்க, சரியா தகட்டைத் தொட்டா நேரா இருக்குன்னு அர்த்தம்.

சுக்கான்

ரெண்டு ஹல்லுக்கும் பின்னாடி ஒவ்வொண்ணு. நீளமான பின்னை மேல இருந்து இறக்கி அடில வளையம் போடணும். ரெண்டையும் சேர்க்கிற குறுக்குக் குழாய், அதுல நம்ம கையில பிடிக்கிற நீட்டுக் கம்பு. இறக்கி விட்டு ரெண்டு பலகைக்கும் நடுவுல முன்விளிம்பு தூரம், பின்விளிம்பு தூரம் அளந்து பாருங்க, ஒண்ணா இருக்கணும், முன்னாடி ஒரு 2, 3 மில்லிமீட்டர் கம்மியா இருந்தாலும் நல்லதுதான். பாத்துட்டு திரும்ப மேல தூக்கி வெச்சுருங்க, கரையில தேயும்.

பாய்

படகோட மூக்கை காத்துக்கு நேரா திருப்புங்க. பாய் ஏறும்போது கொடி மாதிரி பின்னாடி படபடக்கணும், அப்பத்தான் படகு அசையாம நிக்கும்.

பெரிய பாய்ல குறுக்க பை பையா தெச்சிருக்கும், அதுல பேட்டன்ங்கிற குச்சிகளை நுழைக்கணும். மெல்லிசா வளையுற முனை முன்னாடி, தடிச்ச முனை பின்னாடி. துணில சுருக்கம் போற அளவுக்கு மட்டும் இறுக்கி கட்டுங்க, ரொம்ப இறுக்குனா லேசான காத்துல பாய் ஒரு பக்கமாவே வளைஞ்சு நின்னுக்கும்.

ஹோபி 16ல முன்பாய், அதாவது ஜிப், அதைத்தான் முதல்ல ஏத்துவாங்க. அதோட முன்விளிம்புக்குள்ள கம்பி இருக்கு, அதை நல்லா இழுத்து கட்டுனதும் ஃபோர்ஸ்டே லூசாயிரும், பயப்பட வேணாம், பாரத்தை இப்ப ஜிப்போட கம்பி சுமக்குது.

அடுத்து பெரிய பாய். முன்விளிம்புல தெச்சிருக்கிற கயித்தை மரத்தோட தடத்துல ஒருத்தர் கையால ஊட்டி விடணும், இன்னொருத்தர் ஹால்யார்டை இழுக்கணும். நடுவுல சிக்குனா பலத்தைக் காட்டாதீங்க, ரெண்டு சாண் இறக்கிட்டு திரும்ப ஏத்துங்க. பல படகுல உச்சில ஒரு கொக்கி இருக்கும், பாய் மேல போனதும் அதுல மாட்டிக்கணும். மாட்டுச்சான்னு தெரிஞ்சுக்க பாயைக் கீழ இழுத்துப் பாருங்க, வரலன்னா மாட்டியிருக்கு. தூக்குறதுக்கு முன்னாடியே அந்தக் கொக்கிய கண்ணால பாத்து, எந்தப் பக்கம் இழுத்தா மாட்டும், எப்படி விட்டா கழலும்னு புரிஞ்சு வெச்சுக்கோங்க. கடல்ல பாயை இறக்க வேண்டி வந்தா அது தெரிஞ்சிருக்கணும்.

பூம், அதாவது பெரிய பாயோட அடில படுக்கையா வர்ற குழாய், அதை மாட்டி, பாயோட பின்மூலைய அதுல இழுத்துக் கட்டி, முன்விளிம்பை கீழ்ப்பக்கம் இறுக்குங்க. மெயின் ஷீட், பெரிய பாயை உள்ள இழுக்கிற கயிறு, அதை உருளைகள்ல கோத்துட்டு லூசாவே விடுங்க. கரையில நிக்கும்போது அதை கிளீட்ல (கயித்தைக் கவ்விப் பிடிக்கிற பிடி) பூட்டி வெச்சா ஒரு காத்துக்கே படகு தானா கிளம்பிரும் இல்ல கவுந்துரும். எல்லாக் கயித்து முனையிலயும் 8 வடிவத்துல வர்ற முடிச்சு ஒண்ணு போடுங்க.

தண்ணிக்கு முன்னாடி

ஒவ்வொரு ஹல்லுக்கும் பின்னாடி தண்ணி வடிக்கிற ஓட்டை இருக்கு. அதோட மூடி ரெண்டும் இறுகியிருக்கான்னு இப்பவே கையால திருகிப் பாருங்க, வேற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. கவுந்தா நிமிர்த்துறதுக்கான கயிறு கட்டியிருக்கா, லைஃப் ஜாக்கெட் ரெண்டு பேரும் போட்டாச்சா. அப்புறம் படகை ஒரு சுத்து சுத்தி வந்து, ஒவ்வொரு பின்னையும் தொட்டு சத்தமா எண்ணுங்க. நான் இன்னும் அப்படித்தான் பண்றேன்.

முதல் நாள் லேசான காத்துல, கரைக்குப் பக்கத்துலயே ஒரு இருபது நிமிஷம் மட்டும் ஓட்டிட்டு திரும்ப வாங்க. வந்ததும் பாயை இறக்கிட்டு டிராம்போலின் கயித்தை அமுக்கிப் பாருங்க, புதுக் கயிறு நனைஞ்சு பாரம் ஏறுனதும் கண்டிப்பா தளர்ந்திருக்கும், அதை இன்னொரு தடவை முனையில இருந்து முனை வரைக்கும் இழுத்துக் கட்டுங்க. பீம் போல்டையும் ஒரு திருகு பாத்துருங்க. ஹல் மூடிய திறந்து எவ்வளவு தண்ணி வருதுன்னு பாருங்க, ஒரு டம்ளர்னா பரவால்ல, வாளி கணக்குல வந்தா எங்கயோ கசியுது, அதைக் கண்டுபிடிச்சு அடைக்கிற வரைக்கும் திரும்ப இறக்காதீங்க.