பாடல் காணொளி: வெளிச்சத்தில் கோட்டை விடும் இடங்கள்

மட்டக்களப்பில் இப்போது ஒரு கமராவும் நண்பன் எழுதிய ஒரு பாட்டும் இருந்தால் போதும், காணொளி எடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். நல்லதுதான். பற்றரி ஏற்றாமல் வருவதையும் லென்ஸைத் துடைக்காமல் எடுப்பதையும் ஒருமுறை பட்டால் தாமே திருத்திக்கொள்வார்கள். பட்டும் காரணம் புரியாமல் மறுபடி செய்பவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

மண்டப விளக்கில் மெதுவோட்டம்

என்னை இன்னமும் எரிச்சல்படுத்துவது இதுதான். ஓர் இளைஞர் குழு கல்லடியில் ஒரு மண்டபத்தை இரவு வாடகைக்கு எடுத்து, அக்கரைப்பற்றிலிருந்து நடனக்காரர்களை வரவழைத்து, பல்லவி முழுவதையும் மெதுவாக ஓட்டிக்காட்டுவதற்காகச் செக்கனுக்கு 120 பிரேம் (தனித்தனிப் படம்) வேகத்தில் எடுத்தது. கமராவின் சின்னத் திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்திருக்கிறது. படத்தொகுப்புக்கு வந்தபோது ஒரு காட்சி மிச்சமில்லாமல் மினுங்கியது. “அண்ணா, கொம்பியூட்டரில் சரிக்கட்டலாம்தானே?” என்றார்கள். முகத்தில் பட்டை பட்டையாக இருள் ஓடினால் என்னத்தைச் சரிக்கட்டுவது? மண்டபக் காசும் ஆட்டக்காரர் காசும் போனதுதான்.

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்.ஈ.டி. மின்குமிழ்கள் பல அதில் செக்கனுக்கு 100 முறை கூடிக் குறைந்து எரிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். 25 பிரேம், ஷட்டர் (ஒரு பிரேமுக்கு ஒளி விழும் நேரம்) 1/50 செக்கன் என்று வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும், வெளிச்சம் அசையாது. 120 பிரேமில் ஷட்டரை 1/120க்கு மேல் திறந்து வைக்க முடியாது. ஒரு துடிப்புக்கூட முழுதாக விழாமல் ஒரு பிரேம் வெளிச்சமாகவும் இன்னொன்று மங்கலாகவும் பதியும். அதை 25 பிரேமில் ஓட்டினால் செக்கனுக்கு ஏறக்குறைய நான்கு முறை படம் மினுங்கும்.

கமராவில் 100 பிரேம் இருந்தால் அதையும் ஷட்டர் 1/100ஐயும் வையுங்கள். கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த கமரா அந்த ஊர்க் காணொளி முறையான என்.டி.எஸ்.சி. அமைப்பில் இருக்கும், மெனுவில் நம் ஊர் முறையான பி.ஏ.எல். என்று மாற்றினால்தான் 25, 50, 100 எல்லாம் வரும். கைபேசியில் 120 மட்டுமே இருந்தால் மெதுவோட்டத்தைப் பகலில் எடுங்கள், அல்லது பற்றரியில் எரியும் பனல் விளக்கில் எடுங்கள். அந்த விளக்கையும் குறைத்து வைக்காதீர்கள், சில குறைத்தால் மினுங்கும். தள்ளி வையுங்கள், தூரம் இரட்டித்தால் வெளிச்சம் ஏறக்குறையக் கால்வாசியாகிவிடும். எப்படி எடுத்தாலும் முதல்நாளே அதே மண்டபத்தில் கொஞ்சம் எடுத்து, மடிகணினியில் ஓட்டிப் பாருங்கள். மண்டபக்காரர் ஐந்து நிமிடம் கதவு திறந்துவிட மாட்டாரா என்ன?

கடலில் அந்திச் சூரியன்

கல்லடிக் கடல் கிழக்கே இருக்கிறது. பாசிக்குடாவிலும் அப்படியே. சூரியன் அங்கே உதிக்கும், மறையாது. இதை இந்த ஊரிலேயே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது! பாடகருக்குப் பின்னால் மாலைச் சூரியன் வேண்டுமென்றால் வாவிக்கரைக்குப் போங்கள். கடல்தான் வேண்டுமென்றால் விடியுமுன் எல்லோரையும் எழுப்புங்கள்.

உச்சி வெயில்

கண்குழியில் கறுப்பு விழும். மர நிழலுக்குள் நிறுத்தி, வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகையைப் பிடித்தால் போதும்; வாடகை விளக்கே வேண்டாம்.

தானியங்கி வைட் பேலன்ஸ் (கமரா தானே நிறத்தைச் சரிக்கட்டுவது)

அணையுங்கள்.

மஞ்சள் குமிழும் வெள்ளைக் குமிழும்

இரண்டும் ஒரே காட்சியில் எரிந்தால் ஒன்றை அணையுங்கள்.

புகை

விளக்கு புகைக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வைத்தால் வெறும் மூட்டம்.

ஈர மணலில் எக்ஸ்டென்ஷன் வயர்

கூடவே கூடாது. பற்றரி விளக்கு இல்லையென்றால் அந்த இரவுக் காட்சியையே வெட்டிவிடுங்கள்.